மருந்துக்குக்கூட உப்பில்லாத குளம்

பார்ட்ரிட்ஜ் குளத்தின் ஆழம் நூற்றறுபது மீட்டர். இருந்தும் அதை ஏரி என்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். உப்புக் கரிக்காத தண்ணீர் எவ்வளவு பெரிதாய் இருந்தாலும் அவர்களுக்கு அது குளம்தான்.

வெர்னாவுக்கும் அப்படித்தான். பாதி ஆயுளைக் கடலில் நண்டு பிடித்துக் கழித்தவள், இந்தக் கோடையில்தான் தம்பி செல்பியோடு இங்கே சுற்றுலாப் படகு ஓட்ட வந்திருந்தாள். கடலையே பார்த்தவளுக்குக் குளம் எம்மாத்திரம் என்ற மிதப்பு. இருந்தாலும் படகின் அடியில் தண்ணீர் ஏறினால் அலறும் புது மணி ஒன்றைப் பொருத்தியிருந்தாள். பொருத்துவதற்கு முன் துறைமுகத்தில் வைத்துக் கடல்நீரை ஊற்றிச் சோதித்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது.

அன்று காலை அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே சண்டை. குளத்தின் மறுகோடியில் இறங்கிச் சமைக்க, செல்பி உப்புநீரில் ஊறிய மாட்டிறைச்சியை ஒரு வாளி நிறையத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏன்டா, வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டா மலையைப் பாக்கணும்? அந்த வாளி என் படகுல ஏறக்கூடாது."

"சரிக்கா, சரிக்கா. கத்தாத."

சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்ஜின் மூடிக்கு அடியில் ஒளித்து வைத்தான். திருந்தாத ஜென்மம்.

இரண்டு பக்கமும் செங்குத்தாய்ப் பாறைகள் எழுந்த இடத்தில் வெர்னா மைக்கை எடுத்தாள். "இவ்வளவு பள்ளத்தையும் தோண்டினது பனியாறு, தங்கங்களா. மலை உசரத்துக்கு ஐஸு, பாறையைச் சுரண்டிக்கிட்டே கடல் வரைக்கும் போச்சு. அது உருகினதும் கடல் உள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா ஐஸோட பாரம் இறங்குனதும் தரை மெல்ல நிமிந்துச்சு பாருங்க, கடல் வர்ற வாசலே அடைஞ்சுபோச்சு. அப்புறம் மழையும் ஓடையும் கழுவிக் கழுவி, இப்ப மருந்துக்குக்கூட உப்பு கிடையாது."

பாறை இடுக்கிலிருந்து காற்று பாய்ந்தது. படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் மணி அலறியது.

"செல்பி, சுக்கானைப் பிடி! எல்லாரும் மிதவைச் சட்டையைப் போடுங்க!"

இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் அளவு தண்ணீர். இது இப்போது ஏறியது இல்லை, வெகுநேரமாய் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இத்தனை உயிர்களும் அந்தப் பனித்தண்ணீரில். உள்ளே குதித்துப் பம்பைப் போட்டாள். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் இடத்தில்தான் கசிவு. விரல் மரத்துப்போகும்வரை ஸ்பேனரால் முறுக்கினாள். கசிவு நின்றது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது, அப்புறம் கணுக்காலுக்கு.

"ஒண்ணும் இல்ல, நின்னுபோச்சு!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். அப்பாடா என்று உட்கார்ந்தபோது கண்ணீர் தானாக வந்தது, அவள் துடைக்கவில்லை.

காலில் ஏதோ இடித்தது. கவிழ்ந்த வாளி. சுற்றிலும் இறைச்சித் துண்டுகள் மிதந்தன. விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள். உப்பு.

வெர்னாவுக்கு உறைத்தது. மணி தண்ணீரை அறிவதே அதில் ஓடும் மின்சாரத்தால். உப்பே இல்லாத இந்தத் தண்ணீரில் அது மணியடிக்கும் அளவுக்கு ஓடாது. வாளி கவிழும்வரை மணிக்குத் தண்ணீர் ஏறுவதே தெரியவில்லை. தினமும் மைக்கில் தானே சொல்லிக்கொண்டிருந்தும் தன் மண்டையில் ஏறவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கரை சேர்ந்ததும் செல்பி வாளியோடு வந்து நின்றான். "மன்னிச்சுக்கக்கா. இனிமே சத்தியமா ஏத்தமாட்டேன்."

"ஏத்தாம இருந்துதான் பாரேன், தோலை உரிச்சிடறேன்" என்று அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

எந்தத் தண்ணீர் ஏறினாலும் ஒரு மிதவை மேலெழும்பி அடிக்கவைக்கும் வேறு மணியைப் பொருத்திய பிறகே படகு மறுபடி கிளம்பியது. பாறைகளுக்கு நடுவே வெர்னா வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"இப்ப இந்தக் குளத்துல மருந்துக்குக்கூட உப்பு கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, இன்ஜின் மூடியைப் பார்த்தாள். "அதனால நாங்களே ஒரு வாளி கொண்டு வந்துடுவோம்."