நான் ஏன் கரைக்குப் போகிறேன்

1

இந்தக் கதை நேற்றுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. 'உங்களுக்குக் கடல் ஏன் பிடிக்கும்? ஒரு பக்கம் எழுதுங்கள்' என்று ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். அதை நான் சொன்னதும் என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்.

"இதுல எழுத என்ன இருக்கு? நான் கப்பல்ல இருக்கேன், நீ கரையில நிக்கிற. அவ்வளவுதானே?"

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை மெக்கானிக். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீர்மேல்.

"இனிமே நீ அப்படி நிக்க வேண்டாம். கப்பல் வேலைய விட்டுடறேன். அண்ணன் ஊர்ல ஒரு பம்பு கம்பெனியில கூப்பிடறாங்க. நாளைக்குச் சாயந்திரம் பதில் சொல்லணும்."

அண்ணன் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு நாள் ரயில் பயணம்.

2

முதல் தொடக்கம்: 'மாலைதோறும் அவள், அவன் வரும் திசையைப் பார்த்தபடி'

(விட்டுவிட்டேன். அவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.)

இரண்டாவது: 'கடல் ஒரு பெரிய'

(பெரிய என்ன? எதைப் போட்டாலும் காலண்டர் படத்துக்குக் கீழே அச்சடித்த வரி மாதிரி இருக்கிறது.)

3

சரி, உள்ளதை எழுதுகிறேன். பல் மருத்துவமனையில் எனக்கு வரவேற்பு மேசை வேலை. நாள் முழுக்க ஊராரின் பல்வலியைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் போய் நிற்பேன். அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் நழுவும், உடம்பு லேசாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்போது நான் அவரை நினைப்பதில்லை. யாரையுமே நினைப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பும் இப்படித்தான்.

(அவரைப் பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் ஊர் திரும்பும் நாளில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அது வேறு, இது வேறு.)

4

கதையில் எனக்குப் பிடிபடாத ஆள் அவர்தான். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. கடலிலேயே இருந்தும் கடலை அவர் பார்த்தது கொஞ்சம். அந்த இரும்புச் சத்தத்தில் எப்படித்தான் காலம் தள்ளினார்? காலையில் கேட்டேன்.

"ஏங்க, அங்க மனசு விட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இப்ப அவ கரையில நிப்பான்னு நெனச்சுக்குவேன். கூட இருக்கறவங்ககிட்டயும் சொல்லுவேன். பொறாமைப்படுவாங்க."



5

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன், அவர் கப்பலுக்கே திரும்புகிறார். ஆனால் அந்த அறையில் இனி அவருக்கு நினைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: வாயைத் திறக்காமல் பெட்டி கட்டுகிறேன். அங்கே நான் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அதான் நான் வந்துட்டேனே, இன்னும் என்ன?" என்று கேட்பார். அதற்கு நான்

மூன்றாவது: சொல்கிறேன், அவர் சிரித்துவிட்டு இங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்கிறார். (எனக்கு வேண்டியது இதுதான். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

6

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர். இப்போது கையில் போனோடு கதவருகே வந்து நிற்கிறார்.

"முடிஞ்சுதா? இதைப் படிச்சுட்டே போன் பண்றேன்."

இந்த ஒருமுறை அவருக்கு முன்னால் நீங்கள் படித்துவிட்டீர்கள். நான் ஏன் கரைக்குப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காகிதம் என் கையில்தான் இருக்கிறது. கொடுக்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், அவர் கையை நீட்டிவிட்டார்.