அக்காவின் இடது தோள்

தடுப்பூசி போட்ட பிறகு ஒரு வாரம் அக்காவின் இடது தோள் சமத்தாக இருந்தது. எல்லோரும் மறந்த நேரத்தில், குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கியது. ரத்தக்குழாய் கெட்டிருக்குமோ என்று தோல் டாக்டருக்குச் சந்தேகம். மிளகளவு சதையை எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பினார். அங்கே மைக்ரோஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் டாக்டர் நான்தான்.

குழாய் கெட்டிருந்தால் அக்காவுக்கு அடுத்த ஊசி கிடையாது. இரண்டு ஊசியும் போட முடியாத நர்ஸுக்குத் தொற்று வார்டில் இடமில்லை; அக்கா அங்கேதான் நர்ஸ். ரிப்போர்ட் வரும்வரை லீவு என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாவம், வார்டு போய்விடுமோ என்று தவித்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

காலையில் லேப் அண்ணன் ஸ்லைடைக் கொண்டுவந்தார். மெழுகில் பதித்த சதையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித் தருவது அவர் வேலை.

"உங்க அக்காவோடது. முதல்ல இதைப் பாத்துடுங்க, இல்லன்னா என் உயிரை எடுப்பீங்க."

பார்த்தேன். டிக்கெட் கவுண்டரை மொய்க்கும் கூட்டம் மாதிரி, குழாய்களைச் சுற்றி ஊதா நிற வெள்ளணுக்கள். நடுநடுவே சிவப்புத் துகள் நிறைந்த இயோசினோபில் அணுக்கள். அலர்ஜி என்றால் அழைக்காமலே வந்து நிற்கிற கூட்டம் அது. ஆனால் குழாய்ச் சுவர் எதிலும் ஒரு கீறல் இல்லை. உடம்பு ஊசியைத் தாமதமாகக் கண்டுகொண்டு கோபித்திருக்கிறது, அவ்வளவுதான். தானே அடங்கிவிடும். அடுத்த ஊசியை வலது கையில் தாராளமாகப் போடலாம்.

அப்பாடா என்று போனை எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணுமே இல்ல. லேட்டா வந்த அலர்ஜி. நீ நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

மறுமுனையில் அவள் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"கொஞ்சம்கூடவா கெட்டதா இல்ல?"

"என்ன பேச்சுக்கா இது?"

"நல்லா பாருடி வாலு. ஓரமா எங்கயாவது…" குரல் உடைந்தது. "இப்பதான் படுத்தா தூக்கம் வருது. கண்ணை மூடினா யாரும் மூச்சுக்குத் தவிக்கல. வேலைக்குப் போகமாட்டேன்னு சொல்லல. இன்னும் ரெண்டு நாள், ரெண்டே நாள் தூங்கிட்டுப் போறேனே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல செய்தி என்று குதித்துக்கொண்டு சொன்ன என் வாயில்தான் போட வேண்டும் போலிருந்தது.

"வை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு, ஸ்லைடை மறுபடி பார்த்தேன். பாழாய்ப்போன குழாய்கள் எல்லாம் திடமாக இருந்தன.

சந்தேகம் வந்தால் மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்கு இரண்டு நாள் ஆகும்; முடியும்வரை ரிப்போர்ட் போகாது.

"அண்ணே, இதை ஆழமா வெட்டுங்க."

அவர் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "இதுல என்ன டாக்டர் சந்தேகம்? பளிச்சுன்னு இருக்கே."

"எனக்குச் சந்தேகம்."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"மெஷினுக்கு ஏகப்பட்டது காத்துக் கிடக்கு. ரெண்டு நாள்ல முடியாது. மூணு ஆகும், பரவாயில்லையா?"

தலையாட்டினேன். அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "சந்தேகமா இருக்கு. தூங்கு."