ஒன்றரை விரற்கடை

தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று நான்கு ரப்பர் வார்களை மாட்டி, மறுமுனைகளைத் தரை வளையங்களில் கொக்கி போட்டு, பொடிசு தன்னைத்தானே நசுக்கிக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சிக்காக வைத்திருந்த வார்கள் அவை. எடையே இல்லாத அந்த விண்நிலையத்தில், ஓடுகிறவர்கள் மிதந்து போய்விடாமல் பிடித்துவைக்க ஒரு ஜோடி போதும். நான்கையும் மாட்டினால் யானைகூடக் கொஞ்சம் குட்டையாகும்.

தலைகீழாக மிதந்து வந்த சமையல்காரர், அவள் மூக்குக்கு நேரே தன் மூக்கை நிறுத்தினார்.

“என்ன பொடிசு, உன்ன நீயே பார்சல் கட்டுறியா?”

“பேசாம போங்கண்ணே. பேசினா மூச்சு வாங்குது. மூச்சு வாங்கினா நீளுறேன்.”

“எத்தன நாளா?”

“அஞ்சு. காலையில ஒரு நூல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“அது பட்டினியில குறைஞ்சது. வந்து சாப்பிடு.”

“சாப்பிட்டா வளருவேன்.”

“அடிப்பாவி, என் சமையலுக்கு இதுவரைக்கும் இப்படி ஒரு பாராட்டு யாரும் குடுத்ததில்ல” என்று சொல்லிவிட்டு அவர் புரண்டு போனார்.

பதினேழு வயதில் மெக்கானிக் வேலை பழக அவள் அங்கே வந்தபோது, கருவிப்பெட்டிக்குள் மறந்து வைத்து மூடிவிடலாம் போல இருந்தாள். மூடியே விட்டார்கள், இரண்டு மணி நேரம் தேடினார்கள் என்று ஒரு கதை உண்டு. சமையல்காரர் சொல்லும் கதை என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் மிச்சமாகிவிட்டது. பொடிசுக்கு எட்டாத இண்டு இடுக்கு அந்த நிலையத்தில் கிடையாது. காற்றுக்குழாய்க்குள் எலி மாதிரி நுழைந்து மறுபக்கம் பூனை மாதிரி தூசியோடு வெளியே வருவாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. வயதும் சும்மா இருக்கவில்லை, எடையின்மையும் சும்மா இருக்கவில்லை. அங்கே போகிறவர்களுக்கெல்லாம் முதுகெலும்பு இழுபட்டு இரண்டு விரல் உயரம் கூடும். இரண்டும் சேர்ந்ததில் இவள், ஊரில் யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுவதுபோல வளர்ந்துவிட்டாள். குழாய்க்குள் போனால் தோள் இடித்தது. ஒருமுறை முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள்; காலைப் பிடித்து இழுத்தார்கள்.

அதெல்லாம் சிரித்து மறக்கக்கூடியது. நாற்காலிதான் சிரிக்க விடவில்லை.

பூமிக்குத் திரும்பும் கப்பலில் மூன்றே நாற்காலிகள். ஒவ்வொன்றும் ஒருவருடைய முதுகுக்கென்றே அச்சு எடுத்து வார்த்தது. தரையில் இறங்குவது என்று மரியாதைக்குச் சொல்கிறார்கள், உண்மையில் விழுவதுதான். அந்த அடியை நாற்காலி வாங்கவேண்டும், கழுத்து வாங்கக்கூடாது. தலை உச்சிக்கும் நாற்காலியின் மேல்விளிம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் அடுத்த கப்பல், புது அளவில் புது நாற்காலி. எட்டு மாதம்.

எட்டு மாதம் என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. அவள் ஏங்கியது பெரிய விஷயங்களுக்கு இல்லை. மலை, கடல், காடு எல்லாம் ஜன்னலுக்குக் கீழே நாளுக்குப் பதினாறு தடவை கண்காட்சிபோல ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவளுக்கு யார்மீதாவது சாயவேண்டும். அங்கே அது முடியாது. நிலையத்து டாக்டரம்மா மேல் ஒருமுறை சாய்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் மெதுவாக எதிர்ச்சுவருக்கு மிதந்து போய்விட்டார். பேருந்தில் அம்மாவின் தோளில் தலை போட்டால் தலை அங்கேயே கிடக்கும். ஒரு குழிக்கு எம்பி, அடுத்த குழிக்கு மறுபடி அதே இடத்தில் விழும். அம்மா, “தோள் மரத்துப்போச்சுடி, கழுதை” என்பாள். தள்ளமாட்டாள்.

ஆறாம் நாள் காலை, மருத்துவ அறையில் இறங்கு நாற்காலியின் மாதிரியில் அவளைப் படுக்கவைத்து, டாக்டரம்மா வார்களை இறுக்கினார். உச்சந்தலைக்கு மேல் அளவுப்பட்டையை இறக்கினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“எவ்வளவு, அக்கா?”

டாக்டரம்மா பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். ஒரு சின்ன முகக்கண்ணாடியை எடுத்து அவள் தலைக்கு மேலே பிடித்தார்.

“நீயே பாத்து சொல்லு. நீ சொல்றத எழுதிக்கறேன்.”

அறையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியில் பட்டையின் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன. இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் அரைதான் இருந்தது. ஐந்து நாள் நசுக்கியும், பட்டினி கிடந்தும், ஒன்றரை விரற்கடை அவள் அதிகமாக இருந்தாள். டாக்டரம்மா பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு என்று சொன்னால் இரண்டுதான். எத்தனையோ பேர் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள். அரை விரலில் இறங்கினால் என்ன, கழுத்து பொடிசின் கழுத்துதானே? நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த எண். ஆனால் அந்த நாக்கு வேறு பழக்கத்தில் வளர்ந்திருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் எல்லோரும் படுக்கப்போகும் முன் காற்றழுத்த மானியைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன எண்ணை நம்பி, பதினோரு பேர் மறுபேச்சில்லாமல் தூங்கினார்கள். ஒருத்தரும் எழுந்துவந்து சரிபார்த்ததில்லை.

“அரை” என்றாள்.

டாக்டரம்மா எழுதினார். பிறகு, வார்களைக் கழற்றாமலே, அவள் நெற்றிமேல் கை வைத்தார்.

அழுகை வந்தபோது அது கீழே விழாமல் கண்மேலேயே பனங்காய் அளவுக்குத் திரண்டு நின்றதாகப் பின்னால் சொன்னார்கள். சமையல்காரர் துண்டோடு பாய்ந்து வந்தார்.

“போதும்டி பொடிசு. இங்க சிந்துற தண்ணியெல்லாம் சுத்தம் பண்ணி நாளைக்கு நாங்கதான் குடிக்கணும். உப்பு கரிச்சா காபி வைக்க முடியாது.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சிந்தியது.

அன்று மதியம் எட்டு நிமிடம் பேச நேரம் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது. எட்டு மாதம் என்று இவள் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்தான்.

“அம்மா? இருக்கியா?”

“இருக்கேன், இருக்கேன். வண்டி லேட்டுன்னு முப்பது வருஷமா ஊருக்கே சொல்றேன். கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

“திட்டும்மா.”

“எதுக்கு? வளந்ததுக்கா? உங்கப்பா வம்சமே ஒட்டடைக்குச்சி வம்சம். நான் என்ன பண்றது.” பிறகு, குரலை இறக்கி, “நெசமாவே அவ்வளவு உயரமாடி?” என்றாள்.

“உன்னைவிட.”

“என்னைவிடவா!” அந்தக் குரலில் இருந்தது பெருமையா வேறேதோவா என்று இரைச்சலில் பிரிக்க முடியவில்லை. “அப்ப உன் எடத்துல யாரு வர்றா?”

“ஒரு பம்பு.”

“என்னது?”

“தண்ணி பம்பும்மா. கெட்டுப்போச்சு, கீழ அனுப்பணும். கப்பல் சாயாம இருக்க என் எடைக்கு எதையாவது வெச்சே ஆகணுமாம். பம்பு நாப்பத்தாறு கிலோ. மிச்சத்துக்கு ஒரு பை தேஞ்ச போல்ட்டு.”

அம்மா சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். “சரி. பாத்து அனுப்பு” என்றாள். இணைப்பு அறுந்தது.

பம்ப்பைக் கட்டுவது மெக்கானிக் வேலை. அதாவது அவள் வேலை. மற்ற இரண்டு பயணிகள் உடை மாற்றிக்கொண்டிருக்க, அவள் அதைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு கப்பலுக்குள் நுழைந்தாள். தன் நாற்காலியை இரண்டு வருடத்துக்குப் பிறகு நெருக்கத்தில் பார்த்தாள். பதினேழு வயது முதுகு அதில் அப்படியே குழிந்து கிடந்தது. ஒடுங்கின தோள், சின்ன இடுப்பு, பயத்தில் கொஞ்சம் தூக்கின வலது தோள்பட்டை. உள்ளங்கையைக் குழியில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

பம்ப்பை உட்காரவைத்தாள். ஆடாமலிருக்கச் சந்துகளில் தன் பழைய வேலையுடுப்பைத் திணித்தாள்; முழங்காலுக்கு ஏறிவிட்ட உடுப்பு, இனி உதவாது. இடுப்பு வாரைப் போட்டாள். தோள் வார்களைக் குறுக்கே இழுத்துப் பூட்டினாள். போல்ட்டுப் பையைக் காலடியில் கட்டினாள்.

“கதவ சாத்தலாமா?” வெளியே சமையல்காரரின் குரல்.

“ஒரு நிமிஷம்ணே.”

எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. போகத் திரும்பியவள் மறுபடி குனிந்து, இடது தோள் வாரை ஒரே ஒரு துளை மட்டும் தளர்த்திவிட்டாள், மூச்சு விட இடம் இருக்கட்டும் என்பதுபோல.