கை காட்டிய விருந்தாளிகள்

கடலைப் பற்றிப் பேசுவதற்காக ஆறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் முதலில் செய்த வேலை, கடல் தெரிகிற சன்னல்களுக்குத் திரை போடச் சொன்னது. வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூலை மாதம் அது. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு மண்டபத்தில் மூன்று நாள் மாநாடு. ‘கடற் பாதுகாப்பும் கடல்வளம் பேணலும்: பிராந்திய ஒத்துழைப்பு’ என்று மூன்று மொழிகளில் பதாகை தொங்கியது. தமிழ் வரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான். என் பெயர் ஜெஸீமா. ஒரு அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருடமாக மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதாகையில் எழுத்துப் பிழை இல்லை. நான் அதற்கு மட்டும்தான் பொறுப்பு.

விருந்தாளிகளின் பாதுகாப்புக்காக மூன்று நாளும் கடலை மூடிவிட்டார்கள். ஒரு தோணியும் இறங்கக் கூடாது. அதனால் மாநாட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டிய மீன் கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. கடல்வளத்தைப் பேண வந்தவர்கள் அதில் அறுக்குளாவைத் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டார்கள். கொண்டுவந்து வைத்த பெடியனிடம் இது இங்கே பிடித்ததா என்று ஒருவர் கேட்டார். ஓம் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

கடலை மூடுகிற உத்தரவு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் இறக்கக்கண்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. என் தம்பி லாபிர் சுபஹு தொழுதுவிட்டு ஐந்தரைக்கே போட்டை இறக்கியிருந்தான்.

எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவன் காவலரணில் தன் அடையாள அட்டையை ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக்குப் பெட்டியைப் பார்ப்பார்கள். அட்டை மிஞ்சிக் கிடந்தால் அவன் யாரைச் சந்திக்கப் போனான், எதை ஏற்றி வருகிறான் என்று வீட்டுக்காரரைப் பிடித்து விசாரிப்பார்கள். மீன்பிடிப் பாஸையும் வெட்டிவிடுவார்கள். ஆகவே யாராவது வரச் சுணங்கினால், முதலில் வந்தவன் தன்னுடையதோடு அவனுடைய அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுவான். சுணங்கியவன் குச்சவெளிப் பக்கம் கரையேறி, அடுத்த நாள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவான். எல்லோரும் செய்கிற உதவி இது. இதைக் கள்ளவேலை என்று எங்கள் ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை.

மத்தியானம் பக்கீர் காக்கா கந்தோருக்கு ஃபோன் எடுத்தார். அவர் எங்கள் ஊர் மீனவர் சங்கத் தலைவர்.

“ஜெஸீமா, எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க. லாபிர்ட போட் மட்டும் இன்னும் வரல்ல. வெளிநாட்டாக்கள் வந்திருக்கிற நேரம், இண்டைக்கு அட்டை பெட்டிக்குள்ள கிடந்தா வேற மாதிரிப் போயிரும். அவன்ட அட்டையையும் எடுக்கட்டா?”

“எடுங்க காக்கா,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. பின்னேரம் நிலாவெளி பஸ்ஸில் அட்டையைக் கொடுத்தனுப்பினார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் நடந்த செயல்முறை விளக்கத்துக்குப் போனேன். செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பொம்மையைத் தண்ணீரில் எறிந்தார்கள். விசைப்படகு ஒன்று பாய்ந்து வந்து பொம்மையைத் தூக்கிப் போர்வையால் போர்த்தியது. ஏழு நிமிடம். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏழு நிமிடம் என்பதை நான் தமிழில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் குச்சவெளி பஸ் வந்தது. லாபிர் அதில் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. அவன் மனைவி ஸாலிஹா ஐந்து மாதக் கர்ப்பிணி, பஸ்தரிப்பிலிருந்து நேரே என்னிடம் வந்தாள்.

“மதினி, கச்சான் காத்து இழுத்துட்டுப் போயிருக்கும். கேன்ல தண்ணி கொஞ்சம்தான் கொண்டு போன. யாரிட்டயாவது சொல்லுங்க.”

கச்சான் கரையிலிருந்து ஆழ்கடல் பக்கம் அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றுபோனால் துடுப்பு வலித்துக் கரைக்கு வர ஏலாது. நான் காவலரண் பொறுப்பதிகாரியிடம் போனேன். அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து விரலால் காட்டினார்.

“செவ்வாய்க்கிழமை பதினேழு பேர் போயிருக்கினம். பதினேழு பேரும் அட்டை எடுத்திருக்கினம். கடலில ஒருத்தரும் இல்லை.”

நான் அட்டையைக் காட்டினேன்.

“அட்டை உங்கட கையில. அப்ப ஆள் கரையில,” என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “பெட்டியில இருந்து இதை எடுத்தது யார்?”

பக்கீர் காக்காவுக்கு ஐந்து பெண் பிள்ளைகள். அந்த நாட்களில் இப்படி ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஆள் எப்போது திரும்பி வருவான் என்று யாருக்கும் தெரியாது. நானே எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் பயம். வேலையை நினைத்தேன். அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரையும் நான் இன்றைக்கும் இளக்காரமாகத்தான் நினைக்கிறேன். அன்றைக்கு அந்த வரிசையில் நானும் ஒருத்தி.

அன்றைய அமர்வின் தலைப்பு ‘கடலில் ஆபத்துக்குள்ளானோரை விரைந்து கண்டறிதல்’. ஆறு மணித்தியாலம் அதை மொழிபெயர்த்தேன். ஒரு கனவான் எங்கள் மீனவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று நாற்பது நிமிடம் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடிந்ததும் கேக் சாப்பிட்டார். இடைவேளையில் என் மேலதிகாரி சிவகுருநாதனிடம் போய் விசயத்தைச் சொன்னேன். மாநாட்டுத் தலைவர் அவர்தான். மூன்று நாளும் ஒரே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, விருந்தாளிகள் இருமினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, நிகழ்ச்சி நிரல்ல இதுக்கு இடமில்லை. மாநாடு முடியட்டும், வெள்ளிக்கிழமை பாப்பம்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணி இல்லாம ஒரு மனுசன் இருப்பானா சேர்?”

“உணர்ச்சிவசப்படாதீங்கோ,” என்றார்.

வியாழக்கிழமை காலை விருந்தாளிகளைக் கப்பலில் ஏற்றிப் புறாமலைப் பக்கம் பவளப்பாறை காட்டக் கொண்டுபோனார்கள். அப்படியே தள்ளிப்போய் ஓங்கில் மீன்களும், அதுதான் டொல்பின்களும், காட்டினார்களாம். பிற்பகல் தேநீருக்கு எல்லோரும் மூக்குச் சிவந்து திரும்பி வந்தார்கள். வெள்ளைத் தொப்பிக்கார அம்மா ஒருத்தி என் தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்:

“உங்கள் மீனவர்கள் எவ்வளவு அன்பானவர்கள்! தூரத்தில் ஒரு சின்னப் படகு. அதிலிருந்தவர் துடுப்பில் துணியைக் கட்டி உயர்த்தி எங்களை வரவேற்றார். நாங்கள் எல்லோரும் கை காட்டினோம்.”

என் கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தேன்.

“என்ன நிறத் துணி?”

“பச்சை. கட்டம் போட்டது. ஏன்?”

அது லாபிர் இடுப்பில் கட்டுகிற சாரம், நான் பெருநாளைக்கு வாங்கிக் கொடுத்தது. துடுப்பில் துணி கட்டித் தூக்கினால் ‘வந்து காப்பாற்று’ என்று அர்த்தம், எங்கள் கரையில் அது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சிவகுருநாதனும் அந்தக் கப்பலில் போனவர். கடல் விசயத்தில் இருபது வருட அனுபவம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அவரும் கை காட்டியிருக்கிறார்.

நிறைவு அமர்வு தொடங்கியது. யாரோ நன்றி சொன்னார். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, அவர் சொல்லாததை மூன்று மொழிகளிலும் சொன்னேன்.

“இன்று காலை நீங்கள் கை காட்டிய மனிதன் வரவேற்கவில்லை. எஞ்சின் நின்று மூன்று நாளாகக் கடலில் கிடக்கிறான். அவனை எடுக்க ஒரு படகு வேண்டும், இப்போதே.”

எல்லோரும் கைதட்டினார்கள்! பயிற்சிக்கு அருமையான உதாரணம் என்று நாற்பது நிமிடக் கனவான் குறிப்பெடுத்தார். நான் எழுந்துபோய் லாபிரின் அட்டையைத் தலைமை மேசையில், அவர்களுடைய தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் வைத்தேன்.

“இது உதாரணமில்லை. என் தம்பி. அட்டையைப் பெட்டியில இருந்து எடுத்தது நான். வேற ஒருத்தருமில்லை.”

அந்தப் பொய்யைப் புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

பொறுப்பதிகாரி வந்தார். லாபிர் கடலிலிருந்து திரும்பவில்லை என்று பதிவு மாறினால்தான் படகு போகலாம் என்றார். பதிவு மாறுவதற்கு என் வாக்குமூலம் வேண்டும். வாக்குமூலம் மூன்று மொழிகளில் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேறு யாரும் இல்லாததால் என் குற்றத்தை நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். பொம்மைக்கு ஏழு.

பொழுது சாய்கிற நேரத்தில் லாபிரைக் கொண்டுவந்தார்கள். பொம்மைக்குப் போட்ட செம்மஞ்சள் ஜாக்கெட்டை அவனுக்கு மாட்டியிருந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், உயிரோடு இருந்தான். விருந்தாளிகள் இறங்குதுறையில் வரிசையாக நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தொப்பிக்கார அம்மா அழுதாள். அவளை மட்டும் நான் கொஞ்சம் மன்னித்தேன், அதுவும் பிறகுதான்.

அடுத்த நாள் கந்தோரில் இரண்டு கடிதம் கிடைத்தது. ஒன்று, என் வேலை இடைநிறுத்தம். மற்றது மாநாட்டு அறிக்கை. போவதற்கு முன் தமிழாக்கித் தந்துவிட்டுப் போகவாம். ‘மூன்றாம் நாள் நேரடி மீட்புப் பயிற்சி ஒன்றும் வெற்றிகரமாக நடத்தப்பட்டது’ என்று அதில் இருந்தது. லாபிரின் பாஸை வெட்டிவிட்டார்கள் என்பது அதில் இல்லை. அறிக்கையைச் சிவகுருநாதனின் மேசையில் ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸாலிஹா கட்டில் ஓரத்தில் நித்திரையாகியிருந்தாள். லாபிர் முழித்திருந்தான்.

“எஞ்சின்ட பின் ஆணி உடைஞ்சு நிண்டுட்டு ராத்தா. நங்கூரக் கயித்தோட வலைக் கயித்தையும் முடிஞ்சு போட்டுக் கிடந்தனான். நேத்துக் காலையில ஒரு கப்பல் வந்திச்சு. சாரத்தைக் கழட்டித் துடுப்புல கட்டிக் கத்தினனான். எல்லாரும் கை காட்டினாங்க.”

“தெரியும் தம்பி. கதைக்காம படு.”

“பிறகு கப்பல் திரும்பிட்டு. போகக்குள்ள நானும் கை காட்டினனான்.”

“ஏன்டா?”

அவன் வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டான்.

“விருந்தாளிகள்தானே ராத்தா.”