வேண்டுதல் இல்லீங்க

1960-இல் உய்யக்கொண்டான் வாய்க்காலின் தென்கரை முழுவதும் சீமைக்கருவை அடர்ந்து கிடந்தது. துணி துவைக்கப் போகிறவர்கள் காலில் முள் ஏறாத நாள் இல்லை. வெள்ளையம்மாளின் கணவன் ராசப்பனுக்கு ஏறிய முள் சீழ் வைத்து, மனிதர் ஒரு மாதம் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடந்த அன்றே வெள்ளையம்மாள் கடப்பாரையோடு கரைக்கு வந்தாள்.

கருவையை வெட்டினால் மட்டும் போகாது. வேரைத் தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும். இரண்டு வருஷம் தோண்டினாள். முள் போன இடத்தில், தன் பிறந்த ஊரான முசிறியின் ஆற்றங்கரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த நீர்மருதுக் கன்றுகளையும் புங்கங்கன்றுகளையும் நட்டாள். தண்ணீர் ஓரத்தில் நொச்சிக் குச்சிகளை ஊன்றினாள். ஜட்கா ஓட்டும் ரசூல் தினமும் ஒரு கூடை குதிரை லத்தி கொண்டுவந்து கொட்டுவார்.

"என் குதிரை செய்யிற தர்மம், தங்கச்சி. எனக்கு இதுல பங்கு இல்லை" என்பார்.

முழங்கால் உயரக் கன்றுகள் புல்லுக்குள் மறைந்து, ஆடு மேய்ப்பவர்கள் கண்ணில் படவில்லை. அதனால் தன் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து, கன்றுக்கு ஒரு துண்டாகக் கட்டினாள். அதில்தான் தப்பு நேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, குளிக்க வந்த பெண் ஒருத்தி புங்கங்கன்றுக்குக் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டாள்.

"சாமி இல்லீங்க, வெறும் கன்னு. அடையாளத்துக்குக் கட்டினேன்" என்று ஓடினாள் வெள்ளையம்மாள்.

"மஞ்சத்துணி கட்டிட்டு அடையாளமாம்! நீ வேண்டிக்கிட்டது நடந்துருச்சு, எங்களுக்கு நடக்கக் கூடாதாக்கும்?"

அடுத்த வாரம் ஏழு கன்றுகளில் குங்குமம். ஒன்றின் அடியில் உடைத்த தேங்காய்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் ஓவர்சியர் பிச்சமுத்து நாலு ஆட்களோடு வந்தார். மந்திரி அந்த வழியாக வருகிறாராம். கரையைச் சுத்தம் செய்து, குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைக்க வேண்டுமாம்.

"பச்சையா நிக்கிறது எல்லாத்தையும் வழிச்சு எடுங்கடா" என்றார்.

மண்வெட்டியை ஓங்கிய மருதை அப்படியே நின்றுவிட்டான். "சார், மஞ்சத்துணி கட்டியிருக்கு. தேங்கா வேற உடைச்சிருக்காங்க. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு சார்."

பிச்சமுத்து குனிந்து பார்த்தார். குங்குமத்தைக் கண்டதும் கால்கள் தாமாகவே செருப்பை விட்டு வெளியே வந்தன. "யாரும்மா கட்டினது? என்ன வேண்டுதல்?" என்று, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளைக் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

லத்திக் கூடையோடு நின்ற ரசூல் மெதுவாகச் சொன்னார்: "பேசாம இருங்க தங்கச்சி. அம்பது கன்னும் பிழைச்சுரும்."

வெள்ளையம்மாள் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவள். கஷ்டத்தில் அம்மனைக் கூப்பிட்டிருக்கிறாள். பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை.

"வேண்டுதல் இல்லீங்க. ஆடு மிதிக்காம இருக்க நான் கட்டினது."

"அப்ப சாமி இல்லை?"

"இல்லீங்க."

பிச்சமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார். "கேட்டியாடா? வெட்டு."

"இருங்க."

அவள் ஒவ்வொரு கன்றாகப் போய்த் துணியை அவிழ்த்தாள். ஐம்பதையும் அவிழ்க்க நேரம் பிடித்தது. பிறகு வந்து முதல் கன்றின் முன்னால் நின்றாள்.

"இப்ப சாமிக்குப் பயப்பட வேண்டாம். இது நீர்மருது, கரை மண்ணைப் பிடிச்சு நிக்கிறது. அது புங்கன். அது நொச்சி. இந்தத் தண்ணிக்கும் மண்ணுக்கும் உரியது. முள்ளு நின்னப்ப சுத்தம் பண்ண ஒருத்தரும் வரலை. இதை வெட்ட விட மாட்டேன். மண்வெட்டி என்னைத் தாண்டித்தான் போகணும்."

"கவர்மெண்டு வேலையைத் தடுக்கிறியாம்மா?"

"தடுக்கிறேங்க. எழுதிக்கங்க."

ரசூல் தலையில் அடித்துக்கொண்டார். "வாயை மூடிட்டு இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தபடியே போய், இரண்டாவது கன்றின் முன்னால் நின்றார்.

மருதை அவர்கள் இருவரையும் பார்த்தான். "சார், கரையைச் சுத்தம் பண்ணத்தானே சொல்லி விட்டாங்க? அந்தக் கோடியில இன்னும் முள்ளு நிக்குது. அதை எடுக்கிறேன்."

"நான் சொன்னது இதைடா!"

"இது அழுக்கு இல்லையே சார். துணிக்குப் பயந்தேன், நெசந்தான். இந்தம்மா அதையும் அவுத்துருச்சு. இனிமே எப்படி சார் வெட்டுறது?"

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

"வேரோட எடுங்கண்ணே!" என்று கூவினாள் வெள்ளையம்மாள்.

தனியாக நின்ற பிச்சமுத்துவின் முகத்தில் வேர்வை வழிந்தது. "மந்திரி கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"வெள்ளையம்மா விடலைன்னு சொல்லுங்க. பின்சந்துல மூணாவது வீடு. வெயில்ல வருவாரு பாவம், கூட்டியாங்க, மோர் தரேன். குடிச்சதும் இங்க கூட்டியாந்து எல்லாத்தையும் காட்டுறேன். அதுக்கப்புறமும் வெட்டச் சொன்னா, அவர் கிட்டயும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."