புகைபோக்கிக்கு மூன்று கருவிகள்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் அட்டை தயாரிக்கும் ஆலை ஒன்றில் விஜயராணி இன்ஜினியர். கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்தால்தான் இனி அட்டை வாங்குவோம் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சொல்லிவிட்டது. முதலாளி முத்துக்குமரன் மூன்று கருவிகளை வரவழைத்துப் புகைபோக்கியில் மாட்டினார். எது சிறந்தது என்று விஜயராணி ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் கருவியில் ஒரு ரசாயனத் திரவம் வாயுவை நன்றாகவே உறிஞ்சியது. ஆனால் பிடித்த வாயுவைப் பிரித்தெடுக்க நீராவி வேண்டும். அதற்குக் கூடுதல் நிலக்கரி எரிந்தது. இரண்டாவதில் வாயுவை வடிகட்டும் மெல்லிய சவ்வு. சாம்பல் அதை அடைத்துவிட்டது. மூன்றாவதில் வாயுவை உறிஞ்ச வேண்டிய உருண்டைகளோ அதை விட்டுவிட்டுப் புகையின் ஈரத்தைக் குடித்து ஊறிக் கிடந்தன.

"திரவம்தான் சார் தேறும். அதுவும் ஒழுகுற கொதிகலனை முதல்ல ரிப்பேர் பண்ணாத்தான்" என்றாள்.

"அதுல இன்னாம்மா பாக்க இருக்குது? வெறும் டேங்க்கு. சவ்வுப் பொட்டி பளபளன்னு கீது. போட்டோவுக்கு அதான்."

"அது அடைச்சிக்கிச்சே சார்."

"வெளிய தெரியுதா? இல்லல்ல?"

கம்பெனியின் பிரதிநிதி அமிர்தம் சென்னையிலிருந்து வந்த அன்று, முத்துக்குமரன் கொதிகலனையே அணைக்கச் சொல்லிவிட்டார். சவ்வுப் பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. அதன் மீட்டர் வெறும் காற்றை அளந்து, கரியமில வாயுவே இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. அமிர்தம் அதைப் படம் பிடித்தார்.

விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. அமிர்தத்தைத் தனியே அழைத்து, "மேடம், கொதிகலன் ஓடவே இல்ல" என்றாள்.

"தெரியும்மா. சிம்னியைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. எங்க ஹெட் ஆபீசுக்கு மீட்டர் போட்டோ போதும். அவங்களும் யாருக்காவது காட்டணும்ல?"

ஆர்டர் இரண்டு மடங்கானது. விஜயராணி நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"இந்தச் சோதனை ரிப்போர்ட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். கொதிகலனை ரிப்பேர் பண்ணலன்னா, நான் அளந்ததெல்லாம் அவங்க ஹெட் ஆபீசுக்கே போயிடும். எழுத்துல வந்துட்டா அவங்களும் கண்ண மூடிக்க முடியாது."

முத்துக்குமரன் முறைத்தார். பிறகு ஆள் கூப்பிட்டார். ஒழுகிய குழாய்கள் மாற்றப்பட்டன. நிலக்கரி செலவு குறைந்தது, புகையும் நிஜமாகவே குறைந்தது.

அந்த வருடக் கூட்டத்தில் கம்பெனி பெருமையோடு அறிவித்தது: அத்தனையும் சவ்வின் சாதனை. பக்கத்து ஆலைக்காரர்கள் வரிசையாக வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். விஜயராணியிடம் ஒருவர் கேட்டார்:

"இது ஓடுறதுக்கு இன்னா போடணும் மேடம்?"

"ஒண்ணும் போட வேணாம் சார். உங்க கொதிகலன்ல குழாய் ஒழுகுதா?" என்று கேட்டபடி அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.