நீலம் இல்லாத மைதானங்கள்

அந்தப் பந்து இன்னும் விழவில்லை, கோல்ஃப் மைதானத்துக் குட்டைக்கு மேலே, ஆகாயத்தாமரைக்கும் அதில் நிற்கிற ஒற்றைக் கொக்குக்கும் மேலே, மார்கழி வெயிலில் அரிசிமணி அளவுக்குச் சிறுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது, விழு, விழு என்று தெய்வசிகாமணி மனதுக்குள் சொல்கிறார், வாயைத் திறக்காமல்தான் சொல்கிறார், ஆனாலும் சொல்கிறார், கட்டின பெண்டாட்டி அடித்த பந்து தண்ணீரில் விழவேண்டும் என்று, அறுபதைத் தாண்டிய மனுஷன், பேத்தி எடுத்தவர், கணபதிப் பகுதியில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் வார்க்கிற பட்டறையின் முதலாளி, மட்டையை ஊன்றி நின்றுகொண்டு வேண்டுகிறார், பந்து அவர் பேச்சைக் கேட்கவில்லை, குட்டையைத் தாண்டிப் புல்லில் விழுந்து ஒரு குதி குதித்துக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது, போயிருச்சுங்க, பாருங்க, அக்கட்டால போயிருச்சுங்க என்று கமலவேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பெண்களுக்கென்று முன்னால் தள்ளிச் சிவப்புக் கல் போட்டிருப்பார்கள், அங்கிருந்து அடித்தால் குட்டை பாதிதான், அவள் தாண்டுவதெல்லாம் அந்தக் கல்லின் புண்ணியம் என்று அவர் சொல்லிவந்தார், அன்றைக்கு அங்கே புதுப்புல் பதித்திருந்தார்கள், சரி, ஆம்பளைங்க எடத்துல இருந்தே அடி என்று பெரிய மனது பண்ணி விட்டதும் அவர்தான், அவருடைய பந்து அதற்கு முன்பே தண்ணீருக்குள் போயிருந்தது, கூட ஆடிய மில்காரர் நாச்சிமுத்து, ஏப்பா சிகாமணி, இனி நீ போயி செவப்புக் கல்லுல நில்லு, அம்மிணி இங்கிருந்து அடிக்கட்டும் என்றார், பை தூக்கி வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சிகாமணிதான், சிரித்துவிட்டு வீடு வரும்வரை எதிரே வந்த வண்டிக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

அவளுக்கு மட்டை பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தது, அவர்தான், அதுதானே வயிற்றெரிச்சல், சர்க்கரைக்கு நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக, சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தவளிடம், ஒரு நாள் விளையாட்டுக்கு, இந்தா, நீயும் ஒண்ணு அடி என்று மட்டையை நீட்டினார், கல்யாணத்துக்கு முன்னால் காய்ந்த துவரைமாரைத் தடியால் அடித்துப் பருப்பு உதிர்த்த கை அது, சுற்றிக்கொண்டு வந்து ஒரே தட்டு, பயிற்சி கொடுக்கிறவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார், அன்றைக்குப் பிடித்தது சனி, மகள் வாங்கி அனுப்பியிருந்த சிவப்பு நகப்பூச்சை விரலில் ஒரு நாளும் தொட்டுக்கொள்ளாதவள், தன் பந்து எது என்று அடையாளம் தெரிய ஒவ்வொரு பந்திலும் ஒரு பொட்டு வைத்தாள், வைத்து ஊதி ஊதிக் காயவைத்தாள், ஜெயித்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நீங்க விட்டுக் குடுத்தீங்க என்பாள், அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை, அது இருவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே அவள் அப்படிச் சொல்வதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

அப்பா, மூணு கிரவுண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் புக் பண்ணீர்றேன் என்று மெல்போர்னிலிருந்து சுகந்தி சொல்கிறாள், மகள் வீட்டுக்குப் போய் அங்கிருந்து கடலோரச் சாலையில் ஒரு வாரம் காரில் போவது, வழியில் மைதானங்களில் இறங்கி ஆடுவது என்று ஏற்பாடு, அங்கே கோல்ஃப் ஆட மெம்பர் ஆகவேண்டியதில்லை, சிபாரிசு வேண்டாம், நம்மூர் கார்ப்பரேஷன் பூங்கா மாதிரி அந்தந்த ஊர் நிர்வாகமே மைதானம் வைத்திருக்கிறது, அரைக்கால் சட்டையோடு, நாயைப் பிடித்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் வரலாம், கேட்டபோது சிகாமணிக்கு அதிசயமாக இருந்தது, சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மகள் அனுப்பிய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், மாப்பிள்ளை பார்க்கிற கணக்காகப் பார்த்தார், பார்ப்பது புல்லை இல்லை, தண்ணீரை, படத்தில் எங்கேயாவது நீலம் தெரிந்தால் அந்த மைதானம் வேண்டாம், குளம் இருந்தால் வேண்டாம், ஓடை இருந்தால் வேண்டாம், வானத்தின் நீலத்தைக்கூட முதலில் சந்தேகப்பட்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், கங்காரு மேய்கிற மைதானம் ஒன்று சப்பட்டையாக இருந்தது, பைன் மரங்களுக்கு நடுவே ஒன்று, செம்மறி ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, எல்லாம் வறண்ட இடம், எல்லாம் பத்திரம், ஊர் சுற்றப்போகிறவன் நல்ல இடமாகத் தேடுவான், இவர் தன் மானம் போகாத இடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தோளுக்குப் பின்னாலிருந்து கமலவேணியின் ஈரக் கை வந்து ஒரு படத்தைத் தொட்டது, ஏனுங்க, இது எந்த ஊருங்க, பாறையில இருந்து கடலுக்கு மேலயே அடிக்கறாங்களே, அந்தப் படத்தில் இந்தப் பக்கம் ஒரு பாறை முனை, அந்தப் பக்கம் ஒரு பாறை முனை, நடுவில் நுரைத்துக்கொண்டு கடல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முனைதான், சிவப்புக் கல்லை முன்னால் தள்ளிப் போட அங்கே தரையே கிடையாது, மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க, எனக்கு இந்த ஒண்ணு மட்டும் போதுமுங்க என்றாள், முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு சேலை நிறம்கூட எனக்கு இதுதான் வேண்டும் என்று கேட்காதவள், கேட்டாள், குரலில் கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது, சிகாமணியின் காதில் நாச்சிமுத்துவின் சிரிப்புக் கேட்டது, மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் முன்னால் தன் பந்து கடலுக்குள் போவதும் அவள் பந்து தாண்டுவதும் தெரிந்தது, வாய் தானாகப் பேசியது, அங்க பொம்பளைங்கள விடமாட்டாங்களாமா.

அவள் கையை எடுத்துக்கொண்டாள், கார்ப்பரேஷன் கிரவுண்டுன்னு சொன்னீங்களே என்றாள், கார்ப்பரேஷன்தான், அந்த ஒண்ணுல மட்டும் அப்பிடியாமா, பழைய வழக்கமாமா என்றார் அவர், பொய் சொல்வது அத்தனை சுலபமாக இருந்தது, அவள் எதிர்த்து ஒன்று கேட்டிருந்தால்கூட மாட்டியிருப்பார், அவள் கேட்கவில்லை, அப்படீங்களா, அதுக்கென்னுங்க, விடுங்க, நாம என்ன புதுசாவா பாக்கறோம் என்றாள், சொல்லிவிட்டுத் தோசைக்கு அரைக்கப் போய்விட்டாள், அந்த அதுக்கென்னுங்க அவர் ஏற்கெனவே கேட்டதுதான், கல்யாணமான புதிதில் ஒரு தூக்குப்போசியில் காப்பி எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்து நிற்கிறாள், பச்சைச் சேலை, தலை நிறைய கனகாம்பரம், உலை ஊத்தற அன்னிக்குப் பொம்பளைங்க உள்ள வரப்படாது, அங்கயே நில்லு சாமி என்று அவருடைய அப்பா உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார், இரும்பு உருகி வார்ப்பில் இறங்குவதைப் பார்க்கவேண்டும் என்று அவள் அவரிடம் ஆசையாகச் சொல்லியிருந்தாள், அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தூக்குப்போசியை மட்டும் வாங்கிக்கொண்டார், அதுக்கென்னுங்க என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் திரும்பி நடக்கிறாள், அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் மாற்றவில்லை, அன்றிரவு அவர் தூக்கத்தில் அந்தப் பட்டறை வாசலுக்குள் கடல் தெரிகிறது, அவள் வெளியே நிற்கிறாள், உள்ளே வரப்படாது என்று சொல்கிற குரல் அப்பாவுடையது இல்லை, மறுநாள் சுகந்தி போனில், அம்மா பாறைக் கிரவுண்டு படத்தப் பாத்தாங்களா என்று கேட்டபோது அம்மாளுக்கு அது பிடிக்கல கண்ணு என்றார், ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொன்று போனது.

மெல்போர்ன் போனார்கள், கங்காரு மைதானத்தில் அவர் ஜெயித்தார், அதையும் சொல்லவேண்டும், வாயில்லாச் சீவன் மேல பட்டுருமுங்க என்று கமலவேணி அடிக்காமல் அடிக்காமல் நின்றாள், கங்காருகள் நகர்வதாக இல்லை, அவள் பக்கவாட்டில் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டு போனாள், அவர் நேராக அடித்துக்கொண்டு போனார், அன்றைக்கு மாப்பிள்ளை தீபன், மாமா சூப்பர் என்று கை குலுக்கியபோது அந்தக் குலுக்கலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், பைன் மரத்து மைதானத்திலும் ஆட்டுப்பட்டி மைதானத்திலும் அவள்தான் முந்தினாள், ஆனால் தாண்டவேண்டிய தண்ணீர் இல்லாததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை, அவர் நினைத்தபடியே நடந்தது, வேளைக்கு நன்றாகச் சாப்பிட்டார், காரில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாட்டுக்கூடப் பாடினார், கமலவேணி கடல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

கடைசி நாள் மெல்போர்ன் திரும்பும்போது, பேத்திக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டும் என்று தீபன் வண்டியைச் சாலையை விட்டு இறக்கினார், கொஞ்சம் புல், ஒரு காப்பிக் கடை, அதற்கப்பால் அந்தப் பாறை முனை, படத்தில் பார்த்ததேதான், அதன்மேல் பெரிய தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, எழுபத்தைந்துக்குக் குறையாது, இடுப்பில் ஒரு கையை வைத்து நிமிர்ந்துவிட்டுக் குனிந்து பந்தை வைத்தாள், அடித்தாள், பந்து கடலில் விழுந்தது, கிழவி கடகடவென்று சிரித்துவிட்டு இன்னொரு பந்தை எடுத்தாள், கமலவேணி வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், சிகாமணி காலடியிலிருந்த சரளைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார், அம்மா, இதாம்மா அந்தப் பாறைக் கிரவுண்டு, அப்பா உங்களுக்குப் பிடிக்கலேன்னாரே, ஏம்மா, இவ்வளவு நல்லாருக்குது என்று சுகந்தி கேட்டாள், கமலவேணி திரும்பினாள், மகளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள், இரண்டு பொய்யும் அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டது அவருக்கும் தெரிந்துவிட்டது, இப்போது கேட்கப்போகிறாள், மாப்பிள்ளை முன்னால் மானம் கப்பலேறப் போகிறது, கேட்கட்டும், கேட்டால்கூடத் தேவலை என்று அவர் நிற்க, ஆமாங் கண்ணு, உயரத்தப் பாத்தா எனக்குத் தலை சுத்துதுன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன் என்றாள் கமலவேணி, வீட்டில் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிக் குரங்கு கலைத்த ஓடுகளைச் சரிபண்ணியவள், தலை சுற்றுகிறது என்றாள், அவள் வைதிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

தீபனுக்கு இது எதுவும் தெரியாது, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கூட்டமே இல்லீங் மாமா, இப்பவே ஆடலாங்கறாங்க, அத்தை வேணும்னா பாக்கட்டும் என்றார், இல்லீங் மாப்பிள்ளை, வந்ததுக்கு நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கறேன் என்று சொன்னது கமலவேணி, முனையில் போய் நின்றாள், சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள், சிவப்புப் பொட்டு வைத்த பந்தைத் தரையில் ஊன்றிய முளையின்மேல் வைத்தாள், கீழே கடல் பாறையில் மோதிக்கொண்டிருந்தது, அவள் அடிக்கிற விதம் சிகாமணிக்கு மனப்பாடம், பொறாமைப்பட்டவனைவிட யார் நன்றாகக் கவனித்திருக்க முடியும், ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவாள், தோள் முழுக்கத் திரும்பும், தலை ஆடாது, இன்றைக்கு மூச்சை நிறுத்தவில்லை, தோள் பாதியில் நின்றது, தலை முன்கூட்டியே நிமிர்ந்தது, அது அவள் அடி இல்லை, அவருடைய அடி, குட்டையில் பந்து போய் விழும்படி அவர் எப்போதும் அடிக்கிற அடி, விழாதே என்று சிகாமணி சொல்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பந்துக்கு விழாதே என்று சொல்கிறார், அது பாறையைத் தாண்டியதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நுரைக்குள் போனது, காத்துங்க என்று கமலவேணி சிரித்தாள், பரவால்லீங் அத்தை என்றார் தீபன், இன்னொண்ணு அடிங்கம்மா என்றாள் சுகந்தி, போதுங் கண்ணு, பாத்தாச்சல்ல, உங்கப்பா அடிக்கட்டும் என்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

நான் பொய் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம், மூன்று வார்த்தை, குனிந்து தன் பந்தை எடுத்து வைத்தார், சரி, கையால் சொல்வோம் என்று நினைத்தார், கடலுக்குள்ளேயே அடித்துவிடுவோம், அவள் பந்து கிடக்கிற இடத்தில் நம்முடையதும் கிடக்கட்டும், அவளுக்குப் புரியும், குறி பார்க்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை, தாண்டவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் கையைத் தளரவிட்டு ஏனோதானோ என்று மட்டையை வீசினார், இத்தனை வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறவர் கையைத் தளர விடுங்க சார், தளர விடுங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டது அதுதான், பந்து மட்டையின் நட்ட நடுவில் பட்டது, பட்டதே தெரியவில்லை, எழுந்தது, கடலுக்கு மேலே, நுரைக்கும் பாறைக்கும் ஒரு கடற்காகத்துக்கும் மேலே, அரிசிமணி அளவுக்குச் சிறுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது, விழு, விழு என்று தெய்வசிகாமணி சொல்கிறார், இப்போது தன் பந்தைப் பார்த்துச் சொல்கிறார், உதடு அசையவே சொல்கிறார், தயவுபண்ணி விழு, அது இன்றைக்கும் அவர் பேச்சைக் கேட்கவில்லை, அந்தப் பக்கத்துப் புல்லில் இறங்கி ஒரு குதி குதித்துக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது, தீபன் விசிலடித்தார், அப்பா என்று சுகந்தி கத்தினாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார், எல்லோருடைய கைதட்டலுக்கும் மேலே ஒரு கைதட்டல் பக்கத்தில் கேட்டது, போயிருச்சுங்க, பாருங்க, அக்கட்டால போயிருச்சுங்க என்றாள் கமலவேணி.